வழி மறித்தவர்களில் நாமும் ஒருவர்

பேரேட்டில் நாம் எழுதிய வரி ஒன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நம்மை விட்டு அகலவில்லை. "நெல் சேதம் — கூலியில் பிடித்தம் ரூ. 3." அவ்வளவுதான் அந்த வரி. தேதி உண்டு, தொகை உண்டு, ஆள் பெயர் உண்டு. நெல் ஏன் கொட்டிற்று என்பது மட்டும் இல்லை. ஏன் கொட்டிற்று என்பதை நாம் கண்ணால் கண்டோம். கண்டவரே கணக்கெழுதினோம், கண்டதை எழுதவில்லை.

1987ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள். தஞ்சைத் தரணியில், மன்னார்குடி செல்லும் சாலையை ஒட்டி ஓர் அரிசி ஆலை. பெயர் வேண்டாம், அது போன்ற ஆலைகள் அந்தச் சாலையில் பல. நமக்கு அப்போது 22 வயது. பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்பு வரும்வரை கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக அமர்ந்திருந்தோம். பகலெல்லாம் மூட்டைக் கணக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகம். அங்கே பெண்ணடிமை பற்றி நாம் பேசாத பேச்சில்லை. அகலிகைக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு அலசு அலசென்று அலசுவோம். ஏமாற்றிப் புகுந்தவன் இந்திரன். கல்லாய்க் கிடந்தவள் அகலிகை. "இந்திரனுக்கும் சாபம் உண்டே!" என்பார் எதிரே இருக்கும் பெரியவர். உண்டு ஐயா, உண்டு. உடம்பெல்லாம் ஆயிரம் குறி. பிறகு அவை ஆயிரம் கண்களாக மாறி அழகு செய்தன! குற்றவாளிக்குத் தண்டனையே அணிகலன் ஆயிற்று. குற்றத்துக்கு ஆளானவளுக்கோ கற்சிலை வாழ்வு! இப்படிச் சொன்னால் கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலை வாங்கிய வாய் நம்முடையதுதான், தோழர்களே! அதே வாய் மறுநாள் பகலில் என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. அன்று நண்பகலில் திடீரென்று வானம் இருண்டது. மழைக்குமுன் நெல்லை வாரிக் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். முதலாளி கத்துகிறார், மேஸ்திரி விரட்டுகிறார், பெண்கள் ஓடுகிறார்கள். பாதி காய்ந்த நெல் நல்ல கனம். கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கைகொடுத்தே ஆக வேண்டும். ஏற்றிக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் சுமப்பவரின் இரண்டு கைகளும் மேலே போய்விடும். உடம்பு காவலற்று நிற்கும். மேஸ்திரி அந்த நொடியை நன்கறிந்தவர். வயதானவர்களுக்குப் பெண்களே ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். சிலருக்கு மட்டும் அவர் தாமே வலிய வந்து 'உதவி' புரிவார்! கையை உதறினால் கூடை விழும். கூடை விழுந்தால் கூலி போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமையோடு நடந்து போனார்கள்.

அன்று ஓர் அம்மையார் கூடையை விட்டுவிட்டார்.

அம்மையார் என்று இன்று எழுதுகிறோம். ஆலையில் அவருக்கு அந்த மரியாதை இல்லை. சேரியிலிருந்து வந்த கூலிக்காரி, "ஏய்" என்பதே அவருக்கு அழைப்பு. நாமும் "அவள்" என்றே அன்று பேசினோம். கூடை விழுந்தது, நெல் சிதறியது, அதன்மேல் முதல் மழைத்துளிகள் விழுந்தன. அவர் திரும்பி மேஸ்திரியைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் அச்சேறத் தக்கதன்று. ஆனால் பொருத்தமான சொல். பத்தடி தூரத்தில், கொட்டகை வாயிலில், கையில் பேரேட்டோடு நாம் நின்றிருந்தோம். மேஸ்திரியின் கை எங்கே பட்டது, எப்படிப் பட்டது, எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் கண்டோம்.

மாலையில் முதலாளியின் அறையில் விசாரணை! விசாரணை என்ற சொல்லுக்கு வெட்கம் இருந்தால் அன்று அது ஓடி ஒளிந்திருக்கும். மேஸ்திரியிடம் ஒரு கேள்வியும் இல்லை. அந்த அம்மையாரிடம்தான் எல்லாக் கேள்விகளும். கடைசியில் முதலாளி தீர்ப்புரைத்தார்: "கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், பொய்யானால் கண் போகும்." யார் செய்ய வேண்டும் சத்தியம்? தொட்டவர் அல்லர், தொடப்பட்டவர்! கண்ணால் கண்ட சாட்சி அதே அறையின் மூலையில் உட்கார்ந்திருக்க, கற்பூரத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மூடநம்பிக்கையை முறியடிக்கப் பிறந்ததாக எண்ணிக்கொண்டிருந்த நாம், பைக்குள் பகுத்தறிவு ஏட்டை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சம். வேறு காரணம் இல்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

அவர் சத்தியம் செய்ய மறுத்தார். காவல் நிலையத்துக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். இரவு ஏழு மணிக்கு முதலாளி நம்மை அழைத்தார். ஐந்து இருபது ரூபாய் நோட்டுகளை மேசைமேல் வைத்தார். "நீ படித்த பிள்ளை, நயமாகப் பேசத் தெரிந்தவன். போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா" என்றார். நயமாகப் பேசத் தெரிந்தவன்! படிப்பக மேடையில் பழகிய நாவுக்குக் கிடைத்த முதல் பணி அது.

போனோம். குடிசை வாயிலில் சிம்னி விளக்கு. நாம் ஏதேதோ சொன்னோம்: குடும்ப மானம் என்றோம், ஊர் வாய் என்றோம், காவல் நிலையத்தில் என்னென்ன கேட்பார்கள் தெரியுமா என்றோம். அவர் நோட்டுகளைத் தொடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, நீ பாத்தியா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"கவனிக்கவில்லை, அம்மா" என்றோம்.

மறுவாரம் அவர் ஆலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்தக் குடிசையும் பூட்டிக் கிடந்தது. மூன்று ரூபாய்ப் பிடித்தத்தை அவருடைய கணக்கில் எழுதி முடித்தோம். உலகில் அந்த நிகழ்ச்சிக்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

அன்றிருந்த சட்டம் என்ன? 1860ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு. அதற்கு நம் மக்கள் வழங்கிய பெயர் 'மானபங்கம்'. பெயரிலேயே வஞ்சகம் இருக்கிறது! கையை நீட்டியவன் ஒருவன். பங்கப்பட்டதோ இன்னொருவரின் மானமாம்! திருடு போனால் திருடனுக்கு இழிவு என்கிறோம். இங்கே மட்டும் பறிகொடுத்தவருக்கு இழிவு. அந்தப் பிரிவுக்கு அப்போது அதிக அளவுத் தண்டனை இரண்டாண்டுச் சிறை. அபராதத்தோடு விட்டுவிடவும் இடமுண்டு. ஆலை என்றும் அலுவலகம் என்றும் தனியே எந்தச் சட்டமும் பேசவில்லை.

ஏழைக்குத்தான் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். நம் ஆலையில் கூடை விழுந்த மறு ஆண்டு, 1988 ஜூலையில், சண்டிகரில் ஒரு விருந்து. ரூபன் தியோல் பஜாஜ் என்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, அப்போது பஞ்சாப் காவல்துறைத் தலைவராயிருந்த கே.பி.எஸ். கில் தம்மைப் பலர் முன்னிலையில் தட்டினார் என்று புகார் கொடுத்தார். உயர்நீதிமன்றம் இது அற்பமான விவகாரம் என்று வழக்கையே தள்ளிற்று. 1995இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டெடுத்தது. 1996இல் குற்றம் உறுதியாயிற்று. 2005இல்தான் உச்சநீதிமன்றத்தில் முற்றுப்பெற்றது. ஆட்சிப் பணியில் இருந்த ஒருவருக்கே 17 ஆண்டுகள்!

ஆனால், பணியிடத்துக்கென்று ஒரு நீதி பிறந்த இடம் அலுவலகமன்று, ஒரு கிராமம். இராஜஸ்தானத்தில் பட்டேரி என்ற ஊர். பன்வாரி தேவி, குயவர் குலத்துப் பெண், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்ட ஊழியர். ஊதியம் சொற்பம். குழந்தை மணத்தைத் தடுக்கச் சொன்னது அரசு, தடுத்தார். அந்தப் 'பாவத்துக்கு' 1992 செப்டம்பரில் கூட்டாக வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் கீழ்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போன இடத்தில் இப்படி நேர்ந்தால் யார் பொறுப்பு என்று மகளிர் அமைப்புகள் உச்சநீதிமன்றத்தில் கேட்டன. 1997 ஆகஸ்டு 13 அன்று, தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு விசாகா வழக்கில் வழிகாட்டும் நெறிகளை வகுத்தது. அவை சட்டமாக வர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. குளிரூட்டிய அறையில் அமர்ந்து பணியாற்றும் பெண்ணுக்கு இன்று இருக்கிற பாதுகாப்பு, வெயிலில் நடந்த ஒரு பெண்ணின் கண்ணீரில் கிடைத்தது. விந்தை என்னவென்றால், வெயிலில் நடப்பவர்களுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் அண்மையில் வரி வரியாகப் படித்தோம். படிக்கப் படிக்க நெஞ்சு குறுகுறுத்தது. நம் ஆலையைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. எவையெல்லாம் துன்புறுத்தல் என்று அது தரும் பட்டியலில் முதலில் நிற்பது, விரும்பாத உடல் தொடுகை. நிரந்தர ஊழியர் மட்டுமா? இல்லை, தினக்கூலிக்காரரும் உண்டு, ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவரும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்குழு இருக்க வேண்டும். பெண் ஒருவர் அதற்குத் தலைமை. பத்துப் பேருக்குக் குறைவான இடமா, அல்லது முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவரா? மாவட்டக் குழுவிடம் போகலாம். அமைப்புசாராத் துறையையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நெல் விளைவிப்பதும் உற்பத்திதானே! நாற்றங்காலையும் களத்துமேட்டையும் வெளியே நிறுத்த யாருக்கு உரிமை?

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? குழு உறுப்பினரே புகாரை எழுத உதவ வேண்டும் என்கிறது சட்டம். சமாதானம்? பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டால் மட்டுமே பேசலாம். அப்போதும் பணத்தை அடிப்படையாக வைத்து இணக்கம் செய்யக்கூடாது. நாம் மடித்துக் கொண்டுபோன ஐந்து நோட்டுகளுக்கு நேர் எதிரே சட்டம் கையை நீட்டி நிற்கிறது! சாட்சியை வரவழைத்து, உறுதிமொழியின் பேரில் கேட்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. கற்பூரம் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு, இதை இளந்தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணால் ஏதோ காரணத்தால் புகார் கொடுக்க இயலாவிட்டால், அவருடைய எழுத்துமூல இசைவோடு, நடந்ததை அறிந்த எவரும் கொடுக்கலாம் என்று அதே ஆண்டு வந்த விதிகள் கூறுகின்றன. நடந்ததை அறிந்த எவரும்! அந்தச் சொற்களைப் படித்தபோது சிம்னி விளக்கு வெளிச்சம் நம் முகத்தில் மீண்டும் விழுந்தது.

குறையும் உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம். குறுவை நட்டு அறுப்பதற்குள் முதற்கெடு முடிந்துவிடும். அதே மேஸ்திரியிடம் அறுப்புக்கும் கூலி கேட்டு நிற்க வேண்டிய பெண், நடவில் நடந்ததை எப்போது சொல்வார்?

சொல்லப் புறப்பட்டாலும் போய்ச் சேர விடுகிறார்களா? இங்கேதான், தோழர்களே, 2021ஆம் ஆண்டு தமிழ்நாடே கண்ட வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தமக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று இந்தியக் காவல் பணியைச் சேர்ந்த பெண் அதிகாரி குற்றம் சாட்டினார். புகார் கொடுக்கச் சென்னைக்கு வண்டியில் விரைந்தார். செங்கல்பட்டு மாவட்டத்தில், சுங்கச் சாவடியருகே அவருடைய வண்டி மறிக்கப்பட்டது. மறித்தவர்கள் கொள்ளையர் அல்லர், காவல்துறையினரே! காக்கிச் சட்டை அணிந்தவரை, ஆயிரம் காவலர்க்கு ஆணையிடக் கூடியவரை, காக்கிச் சட்டையே வழிமறித்தது. உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கவனிப்பில் எடுத்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன்பின் வழக்கு மேல்மன்றங்களுக்குச் சென்றது. வழிமறித்த காவல் கண்காணிப்பாளருக்கு விழுப்புரம் நீதிமன்றம் விதித்தது என்ன தெரியுமா? 500 ரூபாய் அபராதம்!

அந்தச் செய்தியைப் படித்த நாளில் மற்றவர்கள் அந்த அதிகாரியை ஏசிக்கொண்டிருந்தார்கள். நம்மால் ஏச முடியவில்லை. அவர் சுங்கச் சாவடியில் செய்ததைத்தான் நாம் குடிசை வாயிலில் செய்தோம். அவருக்கு மேலதிகாரியின் ஆணை. நமக்கு முதலாளியின் ஆணை. அவருக்காவது 500 ரூபாய் தண்டம். நமக்கு அதுவும் இல்லை. முதலாளி அந்த ஆண்டு பொங்கலுக்கு வேட்டி கொடுத்தார்.

காவிரிப் படுகையின் பழங்கொடுமைகளை எடுத்துரைக்கும்போது நாம் சவுக்கடியைச் சொல்வோம், சாணிப்பாலைச் சொல்வோம், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்த வரலாற்றைச் சொல்வோம், 1968இல் வெண்மணியில் எரிந்த 44 உயிர்களைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். சொல்ல வேண்டியவைதாம். ஆனால், பண்ணையாளின் மனைவிமேல், மகள்மேல் விழுந்த கையை எந்தக் கணக்கில் சேர்த்தோம்? அது கிசுகிசுப்பாகவே நின்றுவிட்டது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை அடியோடு ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வாழ்ந்து உழைத்த மண் இது. 1936இலேயே அந்த மோசவலையை நாவலாக எழுதி அச்சிட்டார். 1947இல் சட்டம் வந்தது. கோயில் வாயிலில் நடந்த கொடுமையைப் பெயர் சொல்லி அழைக்க ஓர் அம்மையார் கிடைத்தார். களத்துமேட்டில் நடப்பதை அழைக்கப் பெயரே இல்லாமல் நெடுங்காலம் போயிற்று.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு துணி ஆலை. 2021 ஜனவரியில் அங்கு வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. அதன்படி, வேலைத்தளத்திலேயே பெண் தொழிலாளர் சிலர் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றனர். பக்கத்து எந்திரத்தில் இருப்பவருக்கு நேர்வதைப் பார்ப்பதும் சொல்வதும் அவர்கள் பொறுப்பு. சொன்னதற்காக அவர்களைப் பழிவாங்கக் கூடாது. எவ்வளவு எளிய ஏற்பாடு! பார்த்தவர் பேசலாம் என்பதற்கு ஓர் உயிரைக் கொடுத்து உடன்படிக்கை வாங்க வேண்டியிருந்தது.

சட்டம் வந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில், மாவட்டந்தோறும் அதிகாரியை நியமியுங்கள், குழுவை அமையுங்கள் என்று உச்சநீதிமன்றம் கெடு வைக்க வேண்டி வந்தது. வட்டந்தோறும் புகாரைப் பெற்று ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலர் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அவர் யார் என்று கேட்டுக்கொண்டு, கெடு கழிந்த பிறகு, ஒரு வட்ட அலுவலகத்தின் படியேறினோம். அங்கிருந்த இளைஞர் நல்லவர்; உட்காரச் சொன்னார். "புகார் யார் மேல ஐயா?" என்றார். "யார் மேலும் இல்லை, தம்பி, எங்கே கொடுப்பது என்று தெரிந்துகொள்ள வந்தோம்" என்றோம். மூன்று மேசைகள் மாறி, இரண்டு தொலைபேசி அழைப்புகள் போய், கடைசியில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஓர் அறையின் எண்ணைக் குறித்துக் கொடுத்தார். படித்தவர், ஓய்வூதியம் பெறுபவர், வெள்ளைச் சட்டைக்காரர். நமக்கே அரைநாள் ஆயிற்று.

அந்தத் துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு, சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஓர் ஊருக்குப் போனோம். உச்சிப்பொழுதில் பெண்கள் வரப்பில் அமர்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்திருந்தார்கள். சட்டம் இன்னது, குழு இன்னது, அறை எண் இன்னது என்று சொன்னோம். இளம்பெண் ஒருத்தி தாளை வாங்கிக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. எல்லாரிலும் மூத்தவர், கையைக் கழுவிக்கொண்டே, "எல்லாஞ் சரிதான் தம்பி, எழுதிக் குடுத்துருவோம். பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லுவாங்களா?" என்றார்.

ஆலைக் கதையைச் சொன்னோம். பேரேட்டு வரி முதல் குடிசை வாயில் வரை, ஒன்றும் மறைக்கவில்லை. படிப்பகத்திலும் சொல்லாததை, மேடையிலும் சொல்லாததை, அந்த வரப்பில் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த அம்மா இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் மூத்தவர்.

தெரியாது என்றோம்.